சாரம் இறங்காது

ஆகஸ்டு 5, திங்கள்

என் பெயர் தாண்டவராயன். இதை நானே எழுதினேன்.

ஆகஸ்டு 6, செவ்வாய்

நேற்று அந்த ஒரு வரியை எழுதுவதற்குள் டீ ஆறிப்போனது. ஆறின டீயும் நன்றாகத்தான் இருந்தது.

மாலை வகுப்பு முடிந்து எங்களுக்கெல்லாம் சான்றிதழ் கொடுத்துவிட்டார்கள். கனகவல்லி டீச்சர், "தினம் ஒரு வரியாவது எழுதுங்கய்யா, இல்லன்னா கை மறந்துடும்" என்றார். அதற்காகத்தான் இந்த டைரி. போன வருடத்து டைரி, பாதி விலைக்குக் கிடைத்தது. அச்சடித்த தேதியை அடித்துவிட்டு நான் தேதி போடுகிறேன். அடிக்கும்போது ஒரு சந்தோஷம்.

வகுப்புக்குப் போனது என் மகள் கோகிலாவுக்குத் தெரியாது. பஜனை மடத்துக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். அறுபத்தொன்பது வயதில் அ, ஆ படிக்கிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஒருநாள் திடீரென்று அவள் எதிரில் பேப்பரை எடுத்துச் சத்தமாகப் படிக்க வேண்டும்.

ஆகஸ்டு 8, வியாழன்

இன்று பஸ்ஸில் எழுதியிருந்ததை எல்லாம் படித்தேன். படியில் நிற்காதே. சரியான சில்லறை தரவும். இத்தனை வருடமாக எனக்குத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

என் தொழிலைப் பற்றி எழுதுகிறேன். நான் சாரம் கட்டுகிறவன். கட்டடத்தைச் சுற்றிச் சவுக்குக் கழிகளை நட்டு, கயிற்றால் முடிந்து, பலகை போட்டு, கொத்தனாரும் பெயின்டரும் உயரத்தில் நிற்க இடம் செய்து கொடுப்பேன். கழியும் கயிறும் பலகையும் என் சொந்தப் பொருள். வேலை முடிந்ததும் பிரித்து எடுத்துக்கொள்வேன். வாடகையும் கூலியும் சேர்த்துப் பேசுவது வழக்கம்.

இப்போது திண்டிவனத்தில் மரக்காணம் சாலையில் ஒரு கல்யாண மண்டபத்துக்குக் கட்டியிருக்கிறேன். முகப்பு மூன்று மாடி உயரம். அதன் முகம் முழுக்க என் சாரம்தான் நிற்கிறது. மண்டபம் ரைஸ்மில் நாகரத்தினம் அம்மாவுடையது. கட்டிக் கொடுக்கும் கான்ட்ராக்டர் என் மாப்பிள்ளை புருஷோத்தமன், கோகிலாவின் கணவர்.

கை வலிக்கிறது. மீதி நாளை.

ஆகஸ்டு 9, வெள்ளி

மீதி. யாருக்குக் கட்டினாலும் முன்பணம் வாங்காமல் முதல் குழி தோண்ட மாட்டேன். கழி இறக்கும்போதே எண்ணி, சீட்டில் கையெழுத்து வாங்கிவிடுவேன். கைநாட்டு வைத்த காலத்திலேயே இதில் நான் கறார். மாப்பிள்ளையிடம் மட்டும் முன்பணமும் கேட்கவில்லை, சீட்டும் வாங்கவில்லை. மாப்பிள்ளையைப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள் என்று எப்படிச் சொல்வது? பெண்ணைக் கொடுத்தபோது சீட்டா வாங்கினோம்?

சித்திரையில் கட்டியது. இன்னும் ஒரு ரூபாய் வரவில்லை. என் ஆட்களுக்குக் கைமாற்று வாங்கிக் கூலி கொடுத்துவிட்டேன். கைமாற்றுக் கொடுத்தவர் இப்போது என்னைக் கண்டால் சைக்கிளை நிறுத்துகிறார்.

ஆகஸ்டு 11, ஞாயிறு

கோகிலா வந்தாள். வீட்டைப் பெருக்கினாள், என்னைத் திட்டினாள், பாத்திரம் துலக்கினாள், மறுபடியும் திட்டினாள். டைரியை அரிசி டின்னுக்குள் ஒளித்தேன்.

கழுத்தில் தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துப் போட்டிருந்தாள். சங்கிலி வெயிலுக்கு உறுத்துகிறதாம். வளையலும் உறுத்துகிறதாம். இந்த வருடம் வெயில் அதிகம்தான்.

ஆகஸ்டு 13, செவ்வாய்

மாப்பிள்ளையிடம் கேட்டுவிட்டேன். முதலில் பேத்தியின் காலேஜ் ஹாஸ்டலைப் பற்றிப் பேசினேன். பிறகு மழையைப் பற்றி. பிறகு கேட்டேன்.

"மாமா, நமக்குள்ள இன்னா கணக்கு?" என்று தோளில் கை போட்டார். "செப்டம்பர் ஆறாந்தேதி மொத முகூர்த்தம். நீங்க இந்த வாரமே சாரத்தப் பிரிச்சிக் குடுத்துடுங்க. மண்டபம் பளிச்சுனு தெரியும். மில்லுக்கார அம்மா கடைசிப் பில்லக் குடுத்துடுவாங்க. மொத நோட்டு உங்களுக்குத்தான்."

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். தோளில் கை போட்டால் மனிதனுக்கு மூளை வேலை செய்வதில்லை.

ஆகஸ்டு 14, புதன்

பிரிப்பதற்குமுன் பார்க்கலாம் என்று சாரத்தில் ஏறினேன். பெயின்டர் சகாயம் மேல் பலகையில் உட்கார்ந்து தக்காளிச் சோறு தின்றுகொண்டிருந்தான். முகப்பு வேலையை அவன் முடித்து வாரமாகிவிட்டது. அவனுக்கும் பணம் வரவில்லை. பெயின்ட் அவன் சொந்தச் செலவில் வாங்கியது.

"பிரிக்கப் போறியாண்ணே?"

"மாப்பிள்ள சொல்லிட்டாரு."

"உன் மாப்பிள்ள செய்யூர் பள்ளிக்கூடத்துலயும் இதத்தான் சொன்னாரு. 'சகாயம், வேலைய முடிச்சிக் குடு, மொத நோட்டு உனக்குத்தான்'னு. முடிச்சிக் குடுத்தேன். அதுக்கப்பறம் ரெண்டு தீபாவளி போச்சி. போன் பண்ணா பாட்டுதான் பாடுது."

"எல்லாருக்கும் மொத நோட்டுதானா?"

"அந்தப் பணம் இங்க வந்துச்சிண்ணே. இங்கத்துப் பணம் மயிலம் ரோட்டுல புதுசா மனை வாங்கனதுல போச்சி. மயிலத்துப் பணம் எங்க போவும்னு அந்த மயிலத்து முருகனுக்கே தெரியாது. நான் சுவத்துல அடிச்ச பெயின்ட சொரண்டி எடுத்துக்கினு போவ முடியாது. உன் பொருளு இன்னும் உன் கயித்துலதான் கட்டியிருக்குது. அத எறக்கிட்டு யார் வூட்டு வாசல்ல போயி நிக்கப்போற?"

என் மாப்பிள்ளையை அவன் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. அவன் சோற்றில் பாதி தின்றேன்.

ஆகஸ்டு 16, வெள்ளி

கோர்ட்டு வளாகத்தில் இலவச சட்ட உதவி மையம் என்று பலகை. எத்தனையோ தடவை அந்த வழியாகப் போயிருக்கிறேன். படித்த பிறகுதான் உள்ளே போகலாம் என்று தெரிந்தது.

மெஹருன்னிஸா என்ற வக்கீல் அம்மா இருந்தார். என் பேத்தியைவிடக் கொஞ்சம் பெரியவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சீட்டு இல்ல, அட்வான்ஸ் இல்ல, ஒப்பந்தம் இல்ல. இன்னாய்யா இப்படிப் பண்ணியிருக்கீங்க?" என்றார்.

"மாப்பிள்ளைங்கம்மா."

"அத மட்டும் கோர்ட்டுல சொல்லிடாதீங்க." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். "சாரம் உங்க சொத்து. உங்களக் கேக்காம யாரும் அத எடுத்துக்க முடியாது. அது நிக்கிற வரைக்கும் உங்க பேச்சுக்கு மதிப்பு. அதுக்காக அடுத்தவங்க எடத்துல வருசக்கணக்கா நிறுத்திவைக்கவும் முடியாது. அதனால காலத்த வீணாக்காதீங்க. மண்டபத்து அம்மா உங்களுக்கு நேரா பணம் தரணும்னு கட்டாயம் இல்ல, பேச்சு அவங்களுக்கும் கான்ட்ராக்டருக்கும்தான். ஆனா கடைசிப் பில்லு இன்னும் அவங்க கையிலதான் இருக்கு. அது கைமாறறதுக்கு முன்னாடி உங்களுக்குப் பாக்கி இருக்குன்னு அவங்களுக்கு எழுதிக் குடுத்துடுங்க. குடுத்ததுக்கு ஒப்புதல் வாங்குங்க. பணம் வாங்காம எதுலயும் கையெழுத்து மட்டும் போட்டுடாதீங்க."

போடமாட்டேன் என்றேன். வீடு வரைக்கும் அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். மாப்பிள்ளை முகத்தை நினைத்தால் பாதியில் குரல் இறங்கிவிடுகிறது.

ஆகஸ்டு 19, திங்கள்

குரல் இறங்கவில்லை.

"மாப்ள, கணக்கு முடியட்டும். அப்பறம் பிரிக்கிறேன்."

"மாமா, வெளையாடாதீங்க. பத்திரிகை அடிச்சிட்டாங்க."

"நல்லது. ஜோரா நடக்கட்டும்."

"பொண்ணு வீட்டுக்காரங்க வந்து பார்த்துட்டு, மண்டபமா இது சவுக்குத் தோப்பான்னு கேக்கறாங்க. நான் அந்தம்மாகிட்ட பெயின்டு காயலன்னு சொல்லிவச்சிருக்கேன்."

"இந்த வெயில்லயா காயல?"

மாப்பிள்ளையின் காது சிவந்துவிட்டது. கல்யாணமாகி இருபது வருடத்தில் அவர் என்னை 'நீங்க' என்றுதான் பேசியிருக்கிறார். இன்று, "கெழவனுக்குக் கொழுப்பு" என்று அவர் வாட்ச்மேனிடம் சொன்னது எனக்கும் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் சொன்னார்.

இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டேன். கொழுப்புதான்.

ஆகஸ்டு 21, புதன்

மாப்பிள்ளை சாரத்தைப் பிரிக்கப் புதுச்சேரியிலிருந்து வேனில் ஆட்களைக் கூட்டி வந்தார். சகாயம் போன் செய்தான். நான் போவதற்குள் அவர்களில் மூத்தவர் கீழ் முடிச்சுகளைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது யார் கட்டுனது?"

"நான்தான்."

"நீங்க உசுரோட இருக்கீங்களா?"

"பாத்தா எப்படித் தெரியுது?"

அவர் மாப்பிள்ளையிடம் திரும்பி, "இன்னா சார், கட்டுனவரு இப்ப இல்லன்னீங்க? ஒருத்தர் கட்டுனத அவரு சொல்லாம அடுத்தவன் அவுக்கக் கூடாது சார். எந்தக் கழி எதத் தாங்குதுன்னு கட்டுனவருக்குத்தான் தெரியும். நாங்க அவுத்து எவன் தலையிலயாவது வுழுந்தா யார் ஜெயிலுக்குப் போறது?" என்றார்.

"டபுள் கூலி தரேன்யா."

"மொதல்ல இவருக்கு சிங்கிள் கூலி குடுத்துட்டீங்களா?"

மாப்பிள்ளை போனைக் காதில் வைத்துக்கொண்டு தெருப்பக்கம் போய்விட்டார். அவர்கள் எல்லோருக்கும் நான் டீ வாங்கிக் கொடுத்தேன். கடன்தான். டீக்கடைக்காரர் சிலேட்டில் என் பெயரைப் பிழையாக எழுதினார். திருத்திக் கொடுத்தேன்.

ஆகஸ்டு 25, ஞாயிறு

கோகிலா வந்தாள். வஞ்சிர மீன் குழம்பு கொண்டுவந்தாள். நன்றாக இருந்தது.

ஆகஸ்டு 26, திங்கள்

நேற்று எழுதியது போதவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் கோகிலா பையிலிருந்து ஒரு தாளையும் மை தடவும் பெட்டியையும் எடுத்தாள். "அப்பா, இதுல ஒரு கைநாட்டு வை. கழி எத்தன இருக்குதுன்னு ஒரு சீட்டுதான். அவரு மேல உனக்கு நம்பிக்கை வரட்டும்னு எழுதியிருக்காரு" என்றாள்.

தாளை வாங்கிப் பார்த்தேன். நான் சும்மா பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டு தட்டைக் கழுவப் போய்விட்டாள். மெதுவாகத்தான் எனக்குப் படிக்க வரும். சாரம் கட்டியதற்கான வாடகை, கூலி முழுவதும் பெற்றுக்கொண்டேன், இனி எனக்கு எந்தப் பாக்கியும் இல்லை, சாரத்தைக் கான்ட்ராக்டரே பிரித்து எடுத்துக்கொள்ளச் சம்மதிக்கிறேன் என்று இருந்தது. கழிகளின் எண்ணிக்கை இல்லை.

"கையெல்லாம் மீன் வாசன. நாளைக்கி வைக்கிறேம்மா" என்றேன்.

கோகிலாவுக்குப் படிக்கத் தெரியும். பத்தாவது வரை நான்தான் படிக்கவைத்தேன்.

ராத்திரி மிச்சக் குழம்பை மூடி வைத்தேன். காலையில் நாய்க்குப் போட்டேன்.

ஆகஸ்டு 27, செவ்வாய்

கோகிலா தாளை வாங்க வந்தாள். கொடுத்தேன். கைநாட்டு வைக்க வேண்டிய இடத்தில் நான் எழுதியிருந்தேன்: 'பணம் வாங்கவில்லை. சாரம் என்னுடையது. தாண்டவராயன்.'

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது யார் எழுதனது?"

"கை என்னுது. பேனா டீச்சர் குடுத்தது."

"பஜனை மடம்னு சொன்ன?"

"கழின்னு நீ சொன்ன."

உட்கார்ந்துவிட்டாள். அழுவாள் என்று நினைத்தேன். கத்தினாள். "உனக்கின்னா, நீ ஜம்முனு சாரத்த நிறுத்திவச்சிட்ட! அந்தம்மா பில்லு குடுத்தாத்தான் என் நகை திரும்பும். சங்கிலி, வளையலு, நெக்லஸு, எல்லாம் பேங்க்ல இருக்குது. அந்த மண்டபத்துத் தளத்துக்குக் கம்பி வாங்க வச்சது. வட்டி கட்டலன்னு நோட்டீஸ் வந்துடுச்சி, ஏலம் போயிடும். இப்ப சந்தோஷமா உனக்கு?"

அந்த நகை அவள் அம்மா இருந்தபோது நாங்கள் போட்டது. இதை ஏன் முன்பே சொல்லவில்லை, ஒரு சீட்டாவது வாங்கினாயா என்று கேட்டேன்.

"புருசங்கிட்ட போயி எழுதிக் குடுன்னு கேப்பாங்களா?"

"மாப்பிள்ளைன்னு நானும் கேக்கல."

அவளுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். பிறகு நான் சொன்னேன். "கோகிலா, நான் கழி குடுத்தேன். சகாயம் பெயின்ட் குடுத்தான். நீ கம்பி குடுத்திருக்க. அந்தக் கட்டடத்துல நம்ம மூணு பேர் பொருளும் நிக்கிது. சாரத்த எறக்கிட்டா மூணு பேருக்கும் இல்ல. பில்லு போற எடம் மயிலம் ரோடு. உன் நகையும் அங்கதான் போவும்."

"எம்புருசன் திருடன்னு சொல்றியா?"

"இல்ல. பொரட்டறாரு. ஒரு வேலைக் காச எடுத்து அடுத்த வேலையில போடறாரு. ஒருநாளைக்கி அடுத்த வேல இருக்காது."

அவள் எழுந்தாள். "நாளைக்கி நான் மில்லுக்குப் போறேன். நீயும் வா" என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். தாளைக் கிழிக்கவில்லை. எடுத்துக்கொண்டு போனாள்.

ஆகஸ்டு 28, புதன்

நாகரத்தினம் அம்மாவுக்குக் கொடுக்கப் பாக்கி விவரத்தை நானே எழுதினேன். மூன்று தாள் பாழானது. சகாயம் அவனுடையதை என்னையே எழுதச் சொன்னான். அவனுக்குப் படிக்கத் தெரியும், ஆனாலும், "உன் எழுத்து குண்டு குண்டா நல்லா இருக்குதுண்ணே" என்றான்.

மில் ஆபீஸில் தவிட்டு வாசனை. அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டையும் படித்தார்.

"பெரியவரே, எனக்கும் புருஷோத்தமனுக்கும்தான் பேச்சு. உங்களுக்கு நான் தரணும்னு எங்க இருக்கு?"

"எங்கயும் இல்லம்மா. ஆனா பில்லக் குடுத்தப்பறம் எனக்குத் தெரியாதுன்னு நீங்க சொல்லக் கூடாது பாருங்க. அதுக்குத்தான்."

அவர் என்னைக் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "பெயின்ட் காயலன்னானே?"

"நீங்க வந்து தொட்டுப் பாருங்கம்மா. கையில ஒட்டுனா நான் இன்னிக்கே பிரிச்சிடறேன்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு நகலில் கையெழுத்தும் மில் முத்திரையும் போட்டுக் கொடுத்தார். நாளை காலை எல்லோரும் வர வேண்டும் என்றார்.

கோகிலா வரவில்லை.

ஆகஸ்டு 29, வியாழன்

இன்று நிறைய எழுத வேண்டும். டீ போட்டுப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

மில் ஆபீஸுக்கு மாப்பிள்ளை வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். அவருக்குப் பின்னால் கதவோரம் கோகிலா. என்னைப் பார்க்கவில்லை. புருஷனோடு வந்திருக்கிறாள், புருஷன் பக்கம் நிற்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். அதில் தப்பும் இல்லை.

நாகரத்தினம் அம்மா என் தாளையும் சகாயம் தாளையும் மேஜையில் வைத்தார். "இது நெஜமா?"

"குடும்ப விஷயம்மா. மாமாவுக்கு வயசாயிடுச்சி, யாரோ தூண்டிவிடறாங்க. பில்லக் குடுத்தா நானே செட்டில் பண்ணிடறேன்" என்றார் மாப்பிள்ளை.

"எனக்கு வயசாயிடுச்சி, அது உண்ம" என்றேன். "பாக்கியும் உண்ம."

"சகாயம்?"

"நான் குடும்பமே இல்லம்மா. எனக்கும் பாக்கி."

அம்மா பேனாவைத் திறந்தார். "கடைசிப் பில்லுல இருந்து இவங்க ரெண்டு பேருக்கும் நான் நேராக் குடுத்துடறேன். மிச்சத்த உனக்கு. நீ சம்மதம்னு எழுதிக் கையெழுத்துப் போடு."

"அது முறையில்லைங்கம்மா. ஒப்பந்தத்துல அப்படி இல்ல."

"இல்லதான். அப்ப நீ ஒப்பந்தப்படி சாரத்த எறக்கி, மண்டபத்த முடிச்சி சாவியக் குடு. நான் உனக்கு முழுசும் தரேன். முடியாதா? அப்ப ஆறாந்தேதி கல்யாணத்த இப்படியே நடத்தறேன். வாழமரத்துக்குப் பதிலா சவுக்கு மரம். யார் மண்டபம் கட்டுனதுன்னு வரவங்க போறவங்ககிட்டலாம் உன் பேரச் சொல்றேன்."

சகாயம் சிரித்துவிட்டான். மாப்பிள்ளை நெற்றியைத் துடைத்துக்கொண்டார். சம்மதம் என்று தலையை ஆட்டினார்.

அம்மா செக் புத்தகத்தை இழுத்துவைத்துக்கொண்டு, "பாக்கி இவ்வளவுதானா? வேற யாருக்காவது இருக்குதா? இப்பவே சொல்லிடுங்க. நாளைக்கி ஒருத்தர் வந்து நிக்கக் கூடாது" என்றார்.

மாப்பிள்ளை, "யாரும் இல்லம்மா" என்றார்.

நான் வாயைத் திறக்கப் போனேன். அது என் பாக்கி இல்லை என்று மூடிக்கொண்டேன்.

"எனக்கும் இருக்குதுங்க" என்றாள் கோகிலா.

மாப்பிள்ளை திரும்பினார். "நீ சும்மா இரு."

"சும்மாதான் இருந்தேன்" என்று கதவை விட்டு மேஜைப் பக்கம் வந்தாள். "மண்டபத்துத் தளத்துல ஓடற கம்பி என் நகைம்மா. பேங்க்ல வச்சி வாங்கனது. ஏல நோட்டீஸ் வந்துருக்குது." முந்தானையில் முடிந்திருந்த நோட்டீஸை எடுத்து மேஜைமேல் பிரித்து வைத்தாள்.

"புருஷோத்தமா?" என்றார் அம்மா.

மாப்பிள்ளை அந்த நோட்டீஸைப் பார்த்தார். அது வந்தது அவருக்கே தெரியாது போலிருக்கிறது. "ஏலமா? ஏன்டி என்கிட்ட சொல்லல?" என்று மெல்லக் கேட்டார்.

"சொன்னா இன்னா பண்ணியிருப்ப? மொத நோட்டு உனக்குத்தான்னு சொல்லியிருப்ப."

அவர் உட்கார்ந்துவிட்டார். நோட்டீஸை மடித்து அவளிடம் கொடுத்துவிட்டு, "மூணுங்கம்மா. மூணு செக்கு எழுதுங்க" என்றார்.

அம்மா எழுதினார். ஒவ்வொன்றையும் வாங்கிப் பெயரைப் படித்துப் பார்த்தேன். கடைசியாக இருந்தது வசந்தகோகிலா. என் மகளின் முழுப் பெயரை நான் எழுத்தில் படித்தது இன்றுதான்.

ஆகஸ்டு 31, சனி

செக் பணமாகிவிட்டது என்று பேங்கில் சொன்ன பிறகு சாரத்தைப் பிரித்தேன். மேலிருந்து கீழே, நானும் என் ஆட்களும். மாலைக்குள் மண்டபம் முகம் காட்டியது. சகாயம் மஞ்சளும் ரோஸும் அடித்திருக்கிறான். சாரம் மறைத்திருந்ததே தேவலை.

கைமாற்றுக் கொடுத்தவரைத் தேடிப்போய் நானே சைக்கிளை நிறுத்தினேன்.

செப்டம்பர் 3, செவ்வாய்

நகையை மீட்டுக்கொண்டு கோகிலா சனிக்கிழமையே இங்கே வந்துவிட்டாள். நாலு நாள் இருந்துவிட்டுப் போவாளாம். கோபமெல்லாம் இல்லையாம். வீட்டைப் பெருக்குகிறாள், என்னைத் திட்டுகிறாள். டைரியை ஒளிக்க வேண்டியதில்லை என்பது சௌகரியம்.

இன்று காலை மாப்பிள்ளை அவள் போனில் கூப்பிட்டார். என்னோடு இன்னும் பேசுவதில்லை. ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. முதலில் சாப்பிட்டாயா என்றார். எப்போது வருவாய் என்றார். பிறகு கொஞ்ச நேரம் இருமினார். மயிலம் ரோட்டு வேலைக்குச் சாரம் வேண்டுமாம். புதுச்சேரி ஆட்கள் வரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். மாமா கட்டுவாரா என்று அவளே கேட்டுச் சொல்ல வேண்டுமாம்.

கட்டுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். மாப்பிள்ளை வலிய வந்து கேட்கிறார், அப்புறம் என்ன இருக்கிறது?

கோகிலா என் வாயைப் பொத்தினாள்.

"கட்டுவாரு" என்றாள் போனில். "மொதல்ல அட்வான்ஸ். அப்பறம் சீட்டுல உன் கையெழுத்து. அதுக்கப்பறம்தான் கழி. நானும் எப்ப வருவேன்னு கேட்டியே, சீட்டு எடுத்துக்கினு நேர்ல வா, பேசிக்கலாம்."